சபர்பன் ட்ரெயின்: மின்சார ரயிலா, புறநகர் ரயிலா?

"தம்பி, இது கரண்ட் வண்டிதானே?"ன்னு தாம்பரம் பிளாட்பாரத்துல ஒரு பெரியம்மா கேட்டாங்க. ஒரு கையில கட்டைப்பை, இன்னொரு கையில டிக்கெட்டை மடிச்சுப் பிடிச்சிருந்தாங்க. பக்கத்து லைன்ல எழும்பூர் போற எக்ஸ்பிரஸ் ஒண்ணு நின்னுட்டு இருந்துச்சு, அதுவும் கரண்ட்லதான் ஓடுது, எஞ்சின் மேல கம்பியைத் தொட்டுட்டுதான் நிக்குது. ஆனா அவங்க எதைக் கேக்குறாங்கன்னு எனக்கு உடனே புரிஞ்சுது, "இதேதாம்மா, ஏறுங்க, எல்லா ஸ்டேஷன்லயும் நிக்கும்"னு சொன்னேன்.

அன்னிலேர்ந்து இந்தப் பேர் மண்டையிலயே சுத்திட்டு இருக்கு. மதுரைக்குப் போற வைகையும் கரண்ட்லதான் போகுது, அதை யாரும் மின்சார ரயில்னு சொல்றது இல்ல. சென்னை பீச் ஸ்டேஷன்லேர்ந்து தாம்பரம் போறதை மட்டும் ஏன் சொல்றோம்?

காரணம் 1931. அந்த வருஷம்தான் பீச் - தாம்பரம் லைன்ல மின்சார வண்டி ஓட ஆரம்பிச்சது, அப்ப அது மீட்டர் கேஜ், தண்டவாளத்துக்கு நடுவுல 1 மீட்டர்தான் அகலம். எழும்பூர்லேர்ந்து தெற்க போற மத்த வண்டியெல்லாம் கரியைத் தின்னு புகையைக் கக்கிட்டு போன காலம் அது, அதுக்கு நடுவுல புகையே இல்லாம ஒரு வண்டி வந்து நின்னா ஜனங்க அதை வேற எப்படிக் கூப்பிடுவாங்க? எலெக்ட்ரிக் ட்ரெயின், மின்சார ரயில், கரண்ட் வண்டி. அன்னிக்கு அது வித்தியாசத்தைக் காட்டுற சரியான பேர். இப்ப கரி எஞ்சினும் போச்சு, அந்த மீட்டர் கேஜ் வண்டியும் 2004ஓட நின்னு போச்சு, பேர் மட்டும் அப்படியே நிக்குது. இன்னிக்கு அதுக்கு அர்த்தம் 'மின்சாரத்துல ஓடுறது' இல்ல, 'எல்லா ஸ்டேஷன்லயும் நின்னு போற உள்ளூர் வண்டி'ங்கிறதுதான். அதனால மின்சார ரயில்னு சொல்றது தப்புன்னு யாராவது திருத்த வந்தா நான் ஒத்துக்க மாட்டேன், சொல் அதோட பொருளை மாத்திக்கிச்சு, அவ்வளவுதான்.

சரி, சபர்பன். லத்தீன்ல 'சப்'னா கீழ, அடியில, ஒட்டி. 'ஊர்ப்ஸ்'னா நகரம். நகரத்தோட அடிவாரத்துல ஒட்டிக் கிடக்குற இடம் சபர்ப், அதைச் சேர்ந்தது சபர்பன். நம்ம ஆளுங்க இதுக்கு புறநகர்னு வெச்சாங்க, புறம்னா வெளிய. கவனிச்சுப் பாத்தா ரெண்டும் ஒண்ணு இல்ல, அவங்க அந்த இடத்தை நகரத்துக்குக் கீழ வெச்சுப் பாக்குறாங்க, நாம வெளிய வெச்சுப் பாக்குறோம். எனக்கு நம்ம பார்வைதான் பிடிச்சிருக்கு, அதுல உயர்வு தாழ்வு இல்ல.

புறநகர்ங்கிறது புதுசா கட்டின சொல் மாதிரி தெரியலாம், ஆனா அந்த எண்ணம் ரொம்பப் பழசு. சிலப்பதிகாரத்துல மதுரைக் காண்டத்துல ஒரு காதைக்குப் பேரே 'புறஞ்சேரி இறுத்த காதை'. கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளோட நடந்து வந்து, மதுரைக் கோட்டைக்கு வெளிய இருக்குற புறஞ்சேரியில தங்குறாங்க. அடுத்த காதையில கோவலன் மட்டும் அங்கேர்ந்து கிளம்பி ஊருக்குள்ள போறான், கடைவீதி எல்லாம் பாத்துட்டு திரும்ப புறஞ்சேரிக்கே வர்றான். வெளிய தங்கி உள்ள போய்ட்டு திரும்பி வர்றது, இந்த லைன்ல தினமும் நடக்குறது அதேதான். சேரின்னா அப்ப சேர்ந்து வாழுற எந்தக் குடியிருப்பும்தான், பிற்காலத்துல அந்தச் சொல்லோட பொருளை ரொம்பவே சுருக்கிட்டோம், அது வருத்தமான விஷயம். இல்லேன்னா புறஞ்சேரியே சபர்புக்கு நல்ல சொல்லா நின்னிருக்கும்.

இப்ப புறநகருக்கும் ஒரு சிக்கல் வந்திருக்கு. ஆவடி 2019லயும் தாம்பரம் 2021லயும் மாநகராட்சி ஆயாச்சு, பல்லாவரம், குரோம்பேட்டை எல்லாம் தாம்பரம் மாநகராட்சிக்குள்ள வந்தாச்சு, அப்புறம் அது எதுக்குப் புறம்? இந்த லைன்ல ஜன்னலோரம் உக்காந்து மஞ்சள் போர்டைப் படிச்சுட்டே வந்தா தெரியும், நுங்கம்பாக்கம், கோடம்பாக்கம், மீனம்பாக்கம்னு மூணு பாக்கம் வருது, பாக்கம்னா கடலோரத்து ஊர். பழவந்தாங்கல்ல இருக்குற தாங்கல் ஏரி குளத்தைக் குறிக்கிற சொல். குரோம்பேட்டைக்குப் பேர் வந்தது குரோம் லெதர்ங்கிற தோல் கம்பெனியால. தாம்பரத்துக்கு முந்தின ஸ்டேஷன் சானடோரியம், 1928ல அங்க வந்த காசநோய் ஆஸ்பத்திரியால அந்தப் பேர். ஒவ்வொண்ணும் ஒரு காலத்துல தனி ஊர், தண்டவாளம்தான் எல்லாத்தையும் ஒரே சரமா கோத்திருக்கு. அதனால புறநகர் ரயில்ங்கிற பேர் ஊர் எல்லையை வெச்சு இன்னிக்குப் பொருந்தலேன்னாலும், அந்த வண்டி எதுக்காக வந்துச்சுன்னு சொல்லிட்டு நிக்குது. எழுதுறப்ப நான் புறநகர் ரயில்னுதான் எழுதுவேன்.

'ரயில்'ங்கிற இங்கிலீஷ் சொல்லை என்ன பண்றதுன்னு கேப்பாங்க. புகைவண்டி இந்த வண்டிக்கு ஆகவே ஆகாது, புகையே கிடையாதே. தொடர்வண்டி அருமையான சொல், அதுக்கு ஒரு காரணம் இருக்கு. ட்ரெயின்ங்கிறது 'இழு'ங்கிற லத்தீன் வேர்லேர்ந்து வந்தது, முன்னாடி ஒண்ணு இழுக்க பின்னாடி மத்ததெல்லாம் இழுபட்டு வர்றது. ஆனா புறநகர் வண்டியில தனி எஞ்சினே கிடையாது, நடுநடுவுல சில பெட்டிகள்லயே மோட்டார் இருக்கும், ரெண்டு முனையிலயும் டிரைவர் கேபின் இருக்கும், பீச்ல வந்து நின்னதும் எஞ்சினைக் கழட்டி மாட்டுற வேலையே இல்ல, டிரைவர் இந்த முனையிலேர்ந்து அந்த முனைக்குப் போனா போதும், வண்டி திரும்பக் கிளம்பிடும். அப்ப அங்க முன்னாடி நின்னு ஒண்ணே எல்லாத்தையும் இழுக்கல, பெட்டிகள் தொடர்ந்து போகுது. ட்ரெயினை விட தொடர்வண்டிதான் இதுக்குப் பொருத்தம்! ஸ்டேஷன் பேச்சுல வண்டின்னாலே போதும், அது இன்னும் சுருக்கம்.

இனி எனக்கு ரொம்பப் பிடிச்ச சொல், கம்யூட்டர். பல ஊர்ல சபர்பன் ரயிலைக் கம்யூட்டர் ரயில்னுதான் சொல்றாங்க. வேர்ச்சொல்லுக்குப் பொருள் 'மாத்துறது'. இடம் மாறிப் போறதால கம்யூட்டர்னு நானும் ரொம்ப நாள் நினைச்சேன், அது இல்ல. 1840கள்ல அமெரிக்க ரயில் கம்பெனிகள் கம்யூட்டேஷன் டிக்கெட்னு ஒண்ணு குடுத்தாங்க, தினமும் தனித்தனியா குடுக்க வேண்டிய கட்டணத்தை ஒரே தொகையா மாத்தி, குறைச்சு, முன்னாடியே வாங்கிக்கிறது. நம்ம ஊர்ல ரிட்டயர் ஆன கவர்மென்ட் ஊழியர் யாரைக் கேட்டாலும் 'பென்ஷன் கம்யூட்டேஷன்' தெரியும், மாசாமாசம் வர்ற பென்ஷன்ல ஒரு பங்கை மொத்தமா வாங்கிக்கிறது, அதே சொல்தான், அதே கணக்குதான். அந்த டிக்கெட்டை வெச்சிருந்தவர் கம்யூட்டர். அப்படிப் பாத்தா கம்யூட்டருக்கு நேர்ப்பொருள் 'சீசன் டிக்கெட் வெச்சிருக்கிறவர்', பயணம் செய்றவர்ங்கிற பொருள் பின்னாடி ஏறினது.

சீசனும் சும்மா இல்ல. அதைப் பருவச்சீட்டுன்னு மொழிபெயர்த்தப்ப, மழைக்காலம் வெயில்காலத்துக்கும் ரயில் டிக்கெட்டுக்கும் என்ன சம்பந்தம்னு பலருக்கும் தோணும். சீசனோட லத்தீன் மூலத்துக்கு விதைக்கிறதுன்னு பொருள், விதைக்கிற காலம் அப்புறம் பொதுவா குறிப்பிட்ட காலம்னு ஆச்சு. ஔவையார் 'பருவத்தே பயிர் செய்'னு சொன்ன பருவமும் அதேதானே. வேர் வரைக்கும் பொருந்துற மொழிபெயர்ப்பு அது, பேச்சுல யாரும் சொல்றது இல்லேன்னாலும்.

கம்யூட்டருக்குத் தமிழ் என்னன்னா பயணி போதாது, திருச்சிக்கு வருஷத்துக்கு ஒரு தடவை போறவரும் பயணிதான். அன்றாடப் பயணின்னு எழுதலாம், படிக்கிறவங்களுக்கு உடனே புரியும். ஆனா வாய்ப்பேச்சுல நமக்கு ஏற்கெனவே ஒரு வழக்கு இருக்கு, 'செங்கல்பட்டுலேர்ந்து டெய்லி அப் அண்ட் டவுன் பண்றார்'. அப்பும் டவுனும் ரயில்வேக்காரங்க லைனுக்கு வெச்ச பேர், அங்கேர்ந்து நம்ம வாய்க்கு வந்தது. அதையே சுத்தத் தமிழ்ல சொன்னா 'போய்ட்டு வர்றார்', இதுக்கு மேல ஒரு சொல் தேடணுமான்னு தெரியல, வீட்டை விட்டுக் கிளம்புறப்பவே போறேன்னு சொல்லாம போய்ட்டு வர்றேன்னுதானே சொல்றோம்.

அந்தப் பெரியம்மா கிண்டியில இறங்குறப்பவும் அதான் சொன்னாங்க, "வர்றேன் தம்பி"ன்னு.