பாலையும் விட்டாச்சு, புரதத்துக்கு என்ன வழி?

எடைகுறைப்புச் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்கள் திருகோணமலையிலும் இப்போது ஆங்காங்கே இருக்கிறார்கள். கொழும்பிலோ சென்னையிலோ ஒப்பரேஷன் முடியும். அதன் பிறகு சமைத்துச் சாப்பிடுவதெல்லாம் இங்கேதான். அவர்களில் சிலர் கொஞ்ச நாளில் உணவு ஆலோசனைக்காக என்னிடம் வந்து, "மிஸ், இப்ப பால், தயிரையும் விட்டிட்டன். நல்லதுதானே?" என்று கேட்பார்கள். சிலருக்கு அது சமய நம்பிக்கை, சிலருக்கு உயிர்களிடத்து இரக்கம். நிலாவெளி, உப்புவெளி ஹோட்டல்களில் வேலை செய்யும் பிள்ளைகள் வெளிநாட்டுக்காரரைப் பார்த்துப் பழகியதும் உண்டு. காரணம் எதுவானாலும் நான் தடுப்பதில்லை. இந்தச் சிகிச்சைக்குப் பிறகும் வீகனாக, அதாவது இறைச்சி, மீன், முட்டையோடு பாலையும் தவிர்த்தவராக, நலமாக வாழ முடியும். ஆனால் பாலை எடுத்த இடத்தில் என்ன வைத்தீர்கள் என்று திருப்பிக் கேட்டால் அநேகமாகப் பதில் வராது.

வெள்ளிக்கிழமை பத்திரகாளி அம்மன் கோவிலுக்குப் போய்வந்து வீட்டில் சாப்பிடும் சாப்பாட்டை நினைத்துப் பாருங்கள். குவியலாகச் சோறு, பருப்பு, ஒரு கீரை, கத்தரிக்காய்க் குழம்பு, சொதி, அப்பளம், கடைசியில் கிண்ணியாப் பக்கத்து எருமைத் தயிர். தயிரை எடுத்துவிட்டால் அந்தக் கோப்பையில் புரதம் என்று சொல்ல மிஞ்சுவது ஒரு கரண்டி பருப்பு. அதுவும் தேங்காய்ப்பால் விட்டு ஒழுக ஒழுகக் காய்ச்சியது. முழு இரைப்பை உள்ளவர் இரண்டாம் முறை போட்டுச் சாப்பிட்டு ஒருவாறு சமாளித்துவிடுவார். 'ஸ்லீவ்' என்ற முறையில் இரைப்பையை வெட்டிச் சுருக்கியவருக்கு அதில் ஏறத்தாழ 80 வீதம் இல்லை. இரைப்பையைச் சிறிதாக்கி, குடலின் தொடக்கத்தைத் தாண்டி இணைக்கும் பைபாஸ் செய்தவருக்கு இருப்பதோ 30 மில்லிலீட்டர் அளவான சிறு பை. ஆனால் இருவருக்கும் நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும். அது கிடைக்காவிட்டால் தராசு இறங்கத்தான் செய்யும். இறங்குவதில் தசையும் சேர்ந்து போகும். மாடிப்படி ஏறக் கால் நடுங்குகிறது என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது நேற்றுக் காலையிலிருந்து என்ன சாப்பிட்டீர்கள் என்பதைத்தான்.

இதில் நம்மவர்கள் ஏமாறும் இடங்கள் மூன்று. மாட்டுப்பாலுக்குப் பதில் தேங்காய்ப்பால் என்று நினைப்பது முதலாவது. தேங்காய்ப்பாலில் இருப்பது பெரும்பாலும் கொழுப்பு, புரதம் மிகக் குறைவு. இரண்டாவது, பிஞ்சுப் பலாக்காய். இறைச்சி மாதிரியே கறி வைக்கலாம் என்பது உண்மை, ஆனால் 100 கிராமில் இரண்டு மூன்று கிராம் புரதம்தான் இருக்கும். அதன் நார் ஒடுங்கிய வயிற்றில் சிக்கவும் கூடும். பனங்கிழங்குக்கும் இதே எச்சரிக்கை. மூன்றாவது காளான். ருசிக்குச் சாப்பிடுங்கள், கணக்கில் சேர்க்காதீர்கள்.

கணக்கில் சேர்ப்பவை பெட்டிக்கடையிலேயே இருக்கின்றன. சோயாமீற் உலர்ந்த நிலையில் 30 கிராம் எடுத்தால் கிட்டத்தட்ட 15 கிராம் புரதம். ஆனால் பெட்டியில் உள்ளபடி உருண்டையாகப் போட்டுச் சமைத்தால் இவர்களுக்குத் தொண்டைக்குக் கீழே இறங்காது. கொதிநீரில் நன்றாக ஊறவிட்டு, கையால் பிழிந்து, உப்பும் வாசனையும் போக இன்னும் ஒரு தண்ணீரில் அலசிப் பிழிந்து, கத்தியால் பொடிப்பொடியாகக் கொத்துங்கள். தக்காளி, வெங்காயம், சிறிது மஞ்சள் போட்டு ஈரப்பதமாக வதக்குங்கள். தேக்கரண்டியால் எடுத்து, வாயில் கூழாகும்வரை மென்று விழுங்கி, கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அடுத்த வாய். பருப்பென்றால் கரண்டியில் நிற்கிற பதத்தில் கட்டியாக இருக்கட்டும். 100 கிராமில் 9 கிராம் வரை கிடைக்கும். முளைகட்டிய பயறு, கௌபி, கடலை எல்லாம் ஊறவைத்து மசிய அவித்தால் 7, 8 கிராம் தரும். சீனி சேராத சோயாப்பால் ஒரு கப்பில் 7 கிராம். இத்தனையும் வைத்தாலும் முதல் மாதங்களில் 60ஐத் தொடுவது கடினம் என்பதால் சோயாப் புரதமாவு ஒன்றை எழுதித் தருவேன். ஜிம்முக்குப் போகிற தம்பி வைத்திருக்கும் 'வே' மாவு பாலிலிருந்து வருவது, கவனம். கோப்பையில் புரதத்தை முதலில் முடியுங்கள், பிறகு மரக்கறி, இடமிருந்தால் இரண்டு வாய் சோறு. தண்ணீரைச் சாப்பாட்டோடு குடிக்க வேண்டாம். அரை மணித்தியாலம் தள்ளி, மிடறு மிடறாக.

புரதத்தைச் சமையலால் சரிக்கட்டலாம், விற்றமின் பி12ஐ முடியாது. தாவர உணவில் அது நம்பும்படியாகக் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் அதை உறிஞ்ச இரைப்பைச் சுவரில் சுரக்கும் ஒரு புரதமும் அமிலமும் தேவை. ஒப்பரேஷனில் குறைந்துபோவது அவைதான். ஆக இவர்களுக்குக் கதவு இரண்டு பக்கமும் சாத்தியிருக்கிறது. ஈரலில் உள்ள சேமிப்பு சில வருடங்களுக்குத் தாக்குப்பிடிப்பதால் ஆரம்பத்தில் ஒன்றும் தெரியாது. "எனக்கு ஒரு குறையும் இல்லை" என்று குளிசையை விட்டவர்கள் பிறகுதான் வருவார்கள். ஒருவர், காலிலிருந்து செருப்புக் கழன்றது தெரியாமல் நடந்திருக்கிறார். அவருடைய ஹீமோகுளோபின் ரிப்போர்ட் குறை சொல்ல முடியாதபடி இருந்தது. கீரையும் பயறும் நிறையச் சாப்பிடுகிறவர்களுக்கு அவற்றிலுள்ள ஃபோலேற் என்ற விற்றமின், பி12 குறைவால் வரும் இரத்தசோகையை மறைத்துவிடும். நரம்பு மட்டும் உள்ளே கெட்டுக்கொண்டிருக்கும். பி12 தினம் 350 முதல் 1000 மைக்ரோகிராம் குளிசையாக, அல்லது மாதம் ஒருமுறை 1000 மைக்ரோகிராம் ஊசியாக, ஆயுள் முழுக்க. பி12 அளவையே தனியாகச் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

இரும்புச்சத்துக்கு நம் ஊரில் பெரிய எதிரி சாப்பிட்ட கையோடு குடிக்கும் பிளேன்ரீ. முருங்கையிலை, பயறு இவற்றிலுள்ள இரும்பு ஏற்கனவே மெதுவாகத்தான் உடலில் சேரும். பைபாஸில் அதை அதிகம் உறிஞ்சும் குடற்பகுதியும் ஒதுக்கப்பட்டுவிடுகிறது. மேலே தேயிலைச் சாயத்தையும் ஊற்றினால் என்ன மிஞ்சும்? தேநீரை ஒரு மணித்தியாலம் தள்ளிவைத்து, கீரையில் தேசிக்காய்ப்புளி விடுங்கள். மாதவிடாய் வரும் பெண்களுக்கு நாளுக்கு 45 முதல் 60 மில்லிகிராம் இரும்பு மருந்தாகவே தேவைப்படும். கல்சியம் குளிசையை அதோடு சேர்த்துப் போடாமல் இரண்டு மணித்தியாலமாவது இடைவெளி விடுங்கள். கல்சியமும் 'சிற்றேற்' வகையாக இருப்பது நல்லது. அமிலம் குறைந்த வயிற்றிலும் அது சேரும்.

குளிசை பற்றி இன்னொன்று. பல கப்சியூல்களின் உறை மாட்டின் அல்லது பன்றியின் தோல், எலும்பிலிருந்து எடுத்த ஜெலற்றின். விற்றமின் டி3 பெரும்பாலும் ஆட்டு உரோமத்திலுள்ள கொழுப்பிலிருந்து செய்யப்படுகிறது. இது தெரியவந்ததும் ஒருவருக்கும் சொல்லாமல் குப்பைக்கூடைக்குள் போட்டவர்களை எனக்குத் தெரியும். சொல்லுங்கள். சப்பும் மாத்திரை, நாக்கின் கீழ் வைப்பது, கற்பாசியிலிருந்து (லைக்கன்) எடுத்த டி3 என்று மாற்று உண்டு. அவை இங்கே உடனே கிடைக்காவிட்டாலும் எடுப்பிக்கலாம்.

கோபித்துக்கொள்வீர்கள் என்று தெரிந்தும் விரதத்தைப் பற்றிச் சொல்கிறேன். முதல் வருடம் கந்தசஷ்டிக்கு உபவாசம் வேண்டாம். ஒரு பொழுது சாப்பிட்டு 60 கிராம் புரதத்தை அந்தச் சின்ன வயிற்றுக்குள் இறக்க வழியே இல்லை. பிரசாதம் ஒரு நுனிவிரல் அளவு போதும். பைபாஸ் செய்தவர் சர்க்கரைப் பொங்கலை ஆசைக்குச் சாப்பிட்டால், இனிப்பு நேரே சிறுகுடலுக்குள் இறங்கித் தண்ணீரை இழுக்கும். நெஞ்சு படபடத்து, வியர்த்து, வயிற்றோட்டத்தில் போய் முடியும்.

நான் உண்மையில் பயப்படுவது வாந்திக்கு. நாட்கணக்கில் வாந்தி நின்றபாடில்லை என்றால் உடலிலுள்ள பி1, அதாவது தயமின், இரண்டு மூன்று வாரத்துக்குள் தீர்ந்துவிடும். தீட்டிய வெள்ளையரிசிக் கஞ்சியில் அது அதிகம் இருக்காது. பார்வை இரண்டாகத் தெரிவது, தள்ளாட்டம், தடுமாற்றமான பேச்சு ஆகியவை அதன் அடையாளங்கள். "காஸாக இருக்கும்" என்று வீட்டில் இஞ்சி அவித்துக் குடித்துக்கொண்டு காத்திருக்காதீர்கள், ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அங்கே குளுக்கோஸ் கலந்த சேலைன் ஏற்ற ஆயத்தமானால், இன்ன ஒப்பரேஷன் செய்தவர், பாலும் இறைச்சியும் சாப்பிடாதவர், தயமின் முதலில் போடவேண்டுமா என்று கூடப் போனவர் டொக்டரிடம் கேளுங்கள். தயமின் இல்லாமல் குளுக்கோஸ் மட்டும் ஏறினால் மிச்சம் மீதி உள்ளதும் செலவாகி மூளை பாதிக்கப்படலாம். ஒப்பரேஷன் செய்த இடத்தில் தந்த குறிப்பின் படத்தை உங்கள் போனில் மட்டுமல்லாமல் வீட்டில் இன்னொருவர் போனிலும் வைத்திருங்கள்.