நடுவலி: ஒரு ஜெர்மன் சொல்லும் குடல்வால் பயமும்

"டாக்டர், குடல்வாலா இருக்குமோன்னு பயமா இருக்கு" என்று சொல்லிக்கொண்டே கல்லூரியில் படிக்கும் மகளைக் கூட்டிவந்தார் ஓர் அம்மா. காலையிலிருந்து வலது அடிவயிற்றில் சுருக் சுருக்கென்று வலி. காய்ச்சல், வாந்தி எதுவும் இல்லை.

"கடைசியா பீரியட்ஸ் எப்பம்மா வந்துச்சு?"

விரல்விட்டு எண்ணினாள். அன்று 14ஆம் நாள். பரிசோதித்து, ஸ்கேனும் பார்த்தேன். குடல்வால் அழற்சிக்கான அடையாளம் ஏதுமில்லை. வலது சினைப்பை அருகே கொஞ்சம் நீர், அவ்வளவுதான்.

இந்த வலிக்குப் பெயர் மிட்டல்ஷ்மெர்ட்ஸ். ஆங்கில மருத்துவ நூல்களிலும் ஜெர்மன் சொல்லாகவே இருக்கிறது. மிட்டல் என்றால் நடு, ஷ்மெர்ட்ஸ் என்றால் வலி. இரண்டு மாதவிலக்குகளுக்கு நடுவே வருவதால் நடுவலி. மிட்டல், ஆங்கில மிடில், சமஸ்கிருத மத்ய மூன்றும் ஒரே வேரில் கிளைத்தவை. அந்த 'மத்ய' வழியாகத்தான் நம் மத்தியானம் வந்தது. ஷ்மெர்ட்ஸுக்கு உறவு ஆங்கில ஸ்மார்ட். இன்று கெட்டிக்காரரைக் குறிக்கும் அந்தச் சொல்லுக்குப் பழைய பொருள் 'சுரீரென வலிக்கிற' என்பது.

பெயர் எப்போது என்று மட்டும் சொல்கிறது. ஏன் என்று சொல்வதில்லை. சினைப்பையில் ஏறக்குறைய 20 மி.மீ. வரை வளரும் நீர்ப்பை வெடித்துக் கருமுட்டை வெளியேறுகிறது. அப்போது கசியும் நீரும் சிறிது இரத்தமும் வயிற்றின் உட்சவ்வை உறுத்தலாம். எந்தப் பக்கம் வெடிக்கிறதோ அந்தப் பக்கம் வலி.

'நடு' என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். 1920களில் ஜப்பானில் ஒகினோ, ஆஸ்திரியாவில் க்னாவுஸ் என்ற இரு மகப்பேறு மருத்துவர்கள் தனித்தனியே ஆராய்ந்து, முட்டை வெளியேறுவது அடுத்த மாதவிலக்குக்குச் சுமார் இரண்டு வாரம் முன்பு என்று காட்டினார்கள். 35 நாள் சுழற்சி உள்ளவருக்கு இந்த வலி 21ஆம் நாளை ஒட்டி வரும். 14ஆம் நாள் எல்லோருக்கும் பொதுவானதல்ல.

சில நிமிடங்களோ சில மணி நேரமோ இருந்துவிட்டு, மிஞ்சினால் இரண்டு நாளில் அடங்கிவிடும். வெந்நீர் ஒத்தடமோ பாராசிட்டமாலோ போதும்.

ஆனால் காய்ச்சல், தொடர் வாந்தி, மயக்கம், நேரம் போகப்போகக் கூடும் வலி இருந்தால் நாள் கணக்குப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள். குடல்வால் அழற்சியாகவோ சினைப்பை முறுக்கிக்கொண்டதாகவோ இருக்கலாம். மாதவிலக்கு தள்ளிப்போய் வலியும் வந்தால், கருக்குழாயில் கரு தங்கியிருக்கிறதா என்று அன்றே பார்த்தாக வேண்டும்.

அந்தப் பெண்ணிடம் மூன்று மாதம் காலண்டரில் குறித்துவரச் சொன்னேன். இரண்டு மாதம் வலி வந்திருந்தது, இரண்டு முறையும் மாதவிலக்குக்கு 13, 14 நாள் முன்பு. ஒரு முறை இடப்பக்கம்.