கிரைண்டருக்கு அடியில் ஓர் ஈப்பண்ணை

பழ ஈக்கு மருந்து அடிக்கச் சொல்லி அழைப்பவர்கள் வீட்டுக்கு நான் தெளிப்பானை எடுத்துப் போவதில்லை. ஒரு டார்ச்சும் பழைய பல் பிரஷும் போதும். சென்னையில் 15 ஆண்டுகளாகப் பூச்சிக் கட்டுப்பாட்டு வேலை பார்ப்பவன் இப்படிச் சொன்னால், "மருந்தே அடிக்காமல் எதற்குக் காசு?" என்று கேட்பவர்களும் உண்டு. தேடுவதற்குத்தான் காசு.

சென்ற மாம்பழப் பருவத்தில் மேற்கு மாம்பலத்தில் ஓர் அடுக்குமாடி வீடு. கதவைத் திறந்த அம்மாவின் குரலிலேயே அலுப்பு தெரிந்தது.

"மாம்பழத்தை எல்லாம் ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிட்டேன் தம்பி. வாழைப்பழம் வாங்குவதையே நிறுத்திவிட்டேன். அப்படியும் காபி டம்ளரில் வந்து விழுகிறது."

சமையல் மேடையில் வினிகர் ஊற்றிய கிண்ணம் ஒன்று இருந்தது. அதில் எப்படியும் நூறு ஈக்கள் மிதந்தன. தினமும் கொட்டிவிட்டுப் புதிதாக வைக்கிறாராம், தினமும் நிரம்புகிறதாம். ஒரு வாரம் பொறி வைத்தும் எண்ணிக்கை குறையவில்லை என்றால், பெரும்பாலும் ஈ வீட்டுக்குள்ளேயே பிறந்துகொண்டிருக்கிறது. ஒரு பெண் ஈ நானூறு முட்டை வரை இடும். 25 டிகிரி வெப்பத்தில் அந்த முட்டை ஈயாகிப் பறக்கப் பத்து நாட்கள் போதும். கிண்ணத்தில் விழுவது வளர்ந்த ஈ மட்டுமே. புழுக்கள் வேறெங்கோ சுகமாக வளர்கின்றன. மருந்து அடித்தாலும் இதே கதைதான். கூடவே பாத்திரங்களிலும் மருந்து படியும்.

குப்பைக்கூடையைப் பார்த்தேன், சுத்தம். வெங்காயக்கூடையைக் கவிழ்த்தேன், அழுகல் ஒன்றுமில்லை. சிங்க்கிலும் எதுவும் இல்லை. மேடையின் மூலையில் கிரைண்டர், மேலே வெள்ளைத் துணி போர்த்தி, சாமி படம் போல. துணியை விலக்கி, அரவைப் பாத்திரத்தைத் தூக்கி எடுத்தேன். அடித்தட்டில் வழிந்த இட்லி மாவு விளிம்பு ஓரமாகப் பழுப்பேறிக் கிடந்தது. டார்ச் வெளிச்சத்தில் அந்த ஈர மாவு மெல்ல அசைந்தது. அரிசிக் குருணை அளவில் வெள்ளைப் புழுக்கள். மாவு காய்ந்த ஓரத்தில் பாதிச் சீரகம் அளவுக்குப் பழுப்புக் கூட்டுப்புழுக்கள் வரிசையாக ஒட்டியிருந்தன. அந்த அம்மா ஒரு நிமிடம் எதுவும் பேசவில்லை. "இதில்தானே நேற்று மாவு அரைத்தேன்" என்றார் பிறகு.

பழ ஈ என்று பெயர் வைத்ததுதான் பிழை. அதற்குப் பழம் வேண்டியதில்லை, புளிப்பு போதும். புழு தின்பது பெரும்பாலும் நொதிக்கும் பொருளில் வளரும் ஈஸ்டைத்தான். ஆகவே பொங்கி வழிந்த மாவு, கழுவாத தயிர் பாக்கெட், காலி ஜூஸ் பாட்டில், வாளியிலேயே ஊறும் மாப், பூஜையறைத் தாம்பாளத்தில் மறந்துபோன பழம் எல்லாம் அதற்கு விருந்துதான். என் வீட்டிலேயே ஒருமுறை அரிசி டிரம்முக்குப் பின்னால் உருண்டுபோன ஒற்றை உருளைக்கிழங்கு மூன்று வாரம் எனக்குத் தண்ணி காட்டியது. கண்டுபிடித்தது என் மனைவி.

வேறு ஈயை இது என்று எண்ணிக்கொள்வதும் உண்டு. குளியலறைச் சுவரில் அசையாமல் உட்கார்ந்திருக்கும், மயிரடர்ந்த சாம்பல் இறக்கையோடு குட்டி விட்டில் போல இருப்பது சாக்கடை ஈ. சந்தேகமாக இருந்தால் இரவில் வடிகால் மூடியின் மேல் செலோடேப்பை ஒட்டும் பக்கம் கீழே இருக்கும்படி, இடைவெளி விட்டு ஒட்டிவையுங்கள். காலையில் அதில் ஈ ஒட்டியிருந்தால் குழாய்தான் பிறப்பிடம். துளசித் தொட்டியைச் சுற்றும் கறுத்த, ஒல்லிப் பூச்சி வேறு. அங்கே தண்ணீரைக் குறைத்தால் போதும். மாம்பழத்தை அறுத்தால் நெளியும் புழுவோ, காய் மரத்தில் இருக்கும்போதே வேறொரு பெரிய ஈ இட்ட முட்டையிலிருந்து வந்தது. அந்தப் பெரிய ஈக்காகத் தோப்பில் கட்டும், மெத்தில் யூஜினால் என்ற வாசனைப்பொருள் வைத்த பொறியை வாங்கிவந்து சமையலறையில் தொங்கவிட்டிருந்த ஒருவரைப் பார்த்திருக்கிறேன். அது அந்தத் தோப்பு ஈயில்கூட ஆணை மட்டுமே இழுக்கும்.

எனக்குக் கோபம் வருவது வேறோர் இடத்தில். சிங்க் குழாயில் பிளீச்சிங் பவுடரைக் கொட்டி, அதன்மேல் கழிவறை ஆசிட்டை ஊற்றுகிறார்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். ஜன்னல் மூடிய சமையலறையில் அது நுரையீரலையே புண்ணாக்கும். அத்தனை செய்தும் குழாய்க்குள் ஒட்டியிருக்கும் கொழகொழப்புப் படலம் பெரிதாக அசையாது. பிரஷ் விட்டுத் தேய்த்துச் சுடுதண்ணீர் விட்டால்தான் அது போகும். பிளாஸ்டிக் குழாய் என்றால் கொதிக்கக் கொதிக்க ஊற்றாதீர்கள்.

பொறி வேண்டாம் என்று சொல்லவில்லை. பிறப்பிடத்தை ஒழித்தபின், ஏற்கெனவே பறப்பவற்றைப் பிடிக்க அது உதவும். வினிகரில் ஒரு சொட்டுப் பாத்திரம் துலக்கும் திரவம் விடுங்கள். இல்லாவிட்டால் ஈ நீரின் மேல் உட்கார்ந்து குடித்துவிட்டுப் பறந்துவிடும்.

மேற்கு மாம்பலத்து அம்மா பன்னிரண்டாம் நாள் போன் செய்தார். முதல் நான்கு நாட்கள் ஈ குறையவே இல்லையாம், என்னைத் திட்டிக்கொண்டே இருந்தாராம். இப்போது கிண்ணத்தில் இரண்டே இரண்டு. "அரைத்து முடித்ததும் பாத்திரத்தைத் தூக்கி அடித்தட்டைத் துடைத்துவிடுகிறேன் தம்பி. தூக்க மட்டும் எதிர்வீட்டுப் பையனைக் கூப்பிடுகிறேன். ஒவ்வொரு தடவையும் நாலு தோசை தின்றுவிட்டுத்தான் போகிறான்."