பண்டிகை வீட்டுக்குள் நடக்கும்போது: வெளிநாட்டில் கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்கு

தீபாவளி நெருங்கினால் என்னிடம் வரும் கேள்விகளில் பாதி பட்டாசு பற்றித்தான். "டாக்டர், பையனுக்கு மூணு வயசு, கம்பி மத்தாப்பு கொடுக்கலாமா?" வேண்டாம். ஐந்து வயது ஆகட்டும். எரியும் மத்தாப்பின் சூடு ஆயிரம் டிகிரி செல்சியஸைத் தாண்டும். அணைந்த கம்பியும் சுடும் என்பதால், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் வைத்து உடனே அதில் போட்டுவிடுங்கள். மற்றபடி இங்கிலாந்துச் சட்டமே நமக்காகக் கொஞ்சம் இறங்கி வருகிறது: இரவு 11 மணிக்கு மேல் வெடிக்கக் கூடாது என்ற விதியைத் தீபாவளி அன்று 1 மணி வரை தளர்த்துகிறார்கள். பட்டாசு பற்றி இவ்வளவு போதும்.

லண்டனில் குழந்தைகளுக்கான அவசரப் பிரிவில் வேலை பார்க்கும் எனக்குப் பண்டிகை நாளில் இருக்கும் கவலையே வேறு. நம்முடைய பண்டிகைகள் வெளியில் நடக்க ஏற்பட்டவை. விளக்கு திண்ணையில் எரியும், பானை வாசலில் பொங்கும், குழந்தை யார் இடுப்பிலாவது இருக்கும். இங்கே அதையெல்லாம் கார்ப்பெட் விரித்த இரண்டு படுக்கையறை ஃபிளாட்டுக்குள், நடுராத்திரி வரை முறுக்கு சுட்டுக் களைத்த இரண்டு பேர் நடத்துகிறார்கள். வரும் காயங்களும் இதற்கேற்பத்தான் வருகின்றன.

காலை எண்ணெய்க் குளியலிலிருந்தே ஆரம்பிக்கலாம். நல்லெண்ணெய் தடவிய குழந்தையும் பாத்டப்பும் சேர்ந்தால் பிடி நழுவும். டப்புக்குள் ரப்பர் விரிப்பு போடுங்கள். முதலில் குளிர்ந்த நீர், அப்புறம் சுடுநீர், கடைசியில் முழங்கையை விட்டுப் பாருங்கள். இங்கே பல வீடுகளில் குழாயில் நேரடியாக வரும் சுடுநீரே தோலை வேகவைக்கப் போதும். "ஊர்ல பாட்டி மூக்கில ரெண்டு சொட்டு விடுவாங்களே" என்று கேட்பவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் அதுவே ஒருவகை நிமோனியா.

விளக்கு விஷயத்தில் ஒரு வேடிக்கை. குழந்தை இருக்கிறதே என்று அகல் விளக்கை விட்டுவிட்டு, பேட்டரியில் எரியும் குட்டி எல்இடி விளக்குகளை வாங்கி வரிசையாக வைக்கிறோம். நல்ல எண்ணம்தான். ஆனால் அவற்றில் பலவற்றின் அடியில் இருப்பது சட்டைப் பொத்தான் அளவு பேட்டரி. ஒரு வயதுக் குழந்தைக்கு அதைவிட வாய்க்கு வாகான பொருள் கிடையாது. தொண்டைக்குக் கீழே உணவுக்குழாயில் அது சிக்கிக்கொண்டால், ஈரத்தில் மின்சாரம் ஓடி, அந்த இடத்தில் அரிக்கும் காரம் (ஆல்கலி) உண்டாகிறது. இரண்டே மணி நேரத்தில் குழாய்ச் சுவரை அரித்துவிடும். விளக்கு எரியாத அளவுக்குத் தீர்ந்த பேட்டரியிலும் இதற்குப் போதுமான சக்தி மிச்சம் இருக்கும். குழந்தைக்கு இருமல் இருக்கலாம், எச்சில் வடியலாம், எதுவுமே இல்லாமலும் இருக்கலாம். விழுங்கியிருக்குமோ என்ற சந்தேகம் வந்தாலே போதும், ஏ அண்ட் இ-க்கு, அதாவது மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு, வந்துவிடுங்கள். வாழைப்பழம் கொடுப்பது, வாந்தி எடுக்க வைப்பது, நாளைக் காலை பார்க்கலாம் என்று காத்திருப்பது எதுவும் வேண்டாம். பேட்டரி மூடி ஸ்குரூ போட்டு இறுக்கியதாக இருந்தால் மட்டும் அந்த விளக்கை வாங்குங்கள்.

அடுத்தது சமையலறை. எண்ணெய்ச் சட்டியைக் கண்டு எல்லோரும் பயப்படுகிறார்கள், சரியான பயம். ஆனால் இந்த நாட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு வெந்நீர்க் காயம் அதிகம் ஏற்படுவது டீ, காபியால். போட்டுக் கால் மணி நேரம் ஆன டீ கூடக் குழந்தையின் மெல்லிய தோலைப் புண்ணாக்கும். விருந்தாளிகள் வருகிறார்கள், சோபாவுக்கு முன்னால் தாழ்வான மேசை, அதில் ஆறேழு டம்ளர், பேச்சு சுவாரசியம். எழுந்து நிற்கப் பழகும் குழந்தை எதைப் பிடித்து நிற்கும்? மேசை விரிப்பைத்தான். பண்டிகை அன்று விரிப்பை எடுத்துவிட்டு, டீயைச் சாப்பாட்டு மேசையில் வைத்துக் கொடுங்கள்.

சுட்டுவிட்டால் என்ன செய்வது என்பதில்தான் எங்களுக்கு அதிகப் போராட்டம். "என்ன போட்டீங்க?" என்றால், "பேஸ்ட் போட்டோம்", "மஞ்சள் அப்பினோம்", "ஐஸ் வெச்சோம் டாக்டர்" என்கிறார்கள். எதுவும் வேண்டாம். குழாயைத் திறந்து, குளிர்ந்த நீரில் இருபது நிமிடம் காட்டுங்கள். கடிகாரத்தைப் பார்த்து முழு இருபது நிமிடம். தோலோடு ஒட்டாத துணியையும் வளையலையும் உடனே கழற்றிவிடுங்கள், உடம்பின் மற்ற பகுதி குளிராமல் போர்த்துங்கள். பிறகு புண்ணின் மேல் கிளிங் ஃபிலிமை (சாப்பாட்டை மூடி வைக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாள்) சுற்றாமல் தளர்வாக வைத்து மூடிக் கிளம்புங்கள். இந்த இருபது நிமிடம் பின்னால் நாங்கள் செய்யும் பலவற்றைவிடப் பெரிய வைத்தியம்.

பொங்கலுக்கு வருவோம், ஏனென்றால் அதன் ஆபத்து கண்ணுக்கே தெரியாது. ஜனவரி நடுவில் லண்டனில் சூரியன் வருவதே காலை எட்டு மணிவாக்கில். வெளியே உறைபனி. ஆனாலும் பானை நெருப்பில் பொங்கினால்தானே பொங்கல் என்று சிலர் விறகையோ கரியையோ கேம்பிங் கேஸ் அடுப்பையோ கராஜுக்குள் பற்ற வைக்கிறார்கள். குளிர் வராமல் இருக்கக் கதவையும் பாதி இறக்கிவிடுகிறார்கள். அப்படி எரியும் நெருப்பிலிருந்து கார்பன் மோனாக்சைடு வரும். நிறமில்லை, வாசனையில்லை, கண்ணும் எரியாது. குழந்தைகள் வேகமாக மூச்சு விடுவதால் அவர்களை முதலில் தாக்கும். தலைவலி, வாந்தி, தூக்கக் கலக்கம் என்று ஆரம்பிக்கும். பார்த்தால் காய்ச்சல் வருவதுபோல இருக்கும், அதனால் ஏமாந்துவிடுவோம். ஒரே நேரத்தில் வீட்டில் இரண்டு பேருக்குத் தலை வலித்தால் எல்லோரும் வெளியே வந்து அவசர உதவி எண்ணான 999-ஐ அழையுங்கள். நெருப்பு வேண்டுமென்றால் திறந்த தோட்டத்தில் மூட்டுங்கள், குழந்தை ஜன்னல் வழியே பார்க்கட்டும். இண்டக்‌ஷன் அடுப்பில் பொங்கினாலும் அது பொங்கல்தான் என்பது என் கட்சி, மாமியார்கள் மன்னிக்க. புகை அலாரம் கத்துகிறதே என்று பேட்டரியைக் கழற்றும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். சாம்பிராணியை ஜன்னல் பக்கம் போடுங்கள், அலாரத்தைத் தொடாதீர்கள்.

பிரசாதம், பலகாரம். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் கூடாது, அதில் இருக்கக்கூடிய பாக்டீரியா வித்துகள் குழந்தையின் குடலில் முளைத்து, நஞ்சை உண்டாக்கித் தசைகளைத் தளர்த்திவிடும். தேன் என்றால் பாட்டில் மட்டும் நம் நினைவுக்கு வருகிறது. கோயிலிலிருந்து வரும் பஞ்சாமிர்தத்திலும் தேன் உண்டு. முழு முந்திரி, நிலக்கடலை, கல்கண்டுக் கட்டி எல்லாம் மூச்சுக்குழாயை அடைக்கக்கூடியவை. ஐந்து வயது வரை பருப்பைப் பொடித்தே போடுங்கள். மிக்சர் தட்டு குழந்தை உயரத்தில் இருக்க வேண்டாம்.

கடைசியாக, ஊரிலிருந்து வரும் தாத்தா பாட்டி. அவர்கள் வந்தால்தான் பண்டிகையே களை கட்டுகிறது, அதில் சந்தேகமில்லை. ஆனால் அவர்களுடைய சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் கைப்பையிலோ தலையணைக்கு அடியிலோ இருக்கும். சில வகைகளில் ஒரே ஒரு மாத்திரை சின்னக் குழந்தையின் உயிருக்கு ஆபத்து. வந்த அன்றே, பெட்டியைத் திறக்கும்போதே, "அம்மா, மாத்திரையெல்லாம் இந்த மேல் அலமாரியில வெச்சிடலாம்" என்று சொல்லிவிடுங்கள். பத்துப் பேர் கூடியிருக்கும் வீட்டில் ஒவ்வொருவரும் இன்னொருவர் பார்க்கிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். அதனால் இந்த ஒரு மணி நேரம் நீ, அடுத்த ஒரு மணி நேரம் சித்தப்பா என்று பேர் சொல்லியே குழந்தையை ஒப்படையுங்கள்.

மாத்திரைப் பட்டையில் ஒன்று குறைந்து, குழந்தை பக்கத்தில் விளையாடிக்கொண்டிருந்தால், சாப்பிட்டிருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். "நல்லாத்தான் விளையாடறான்" என்பதை நம்பிக் காத்திருக்க வேண்டாம், சில சர்க்கரை மாத்திரைகளுக்குப் பல மணி நேரம் கழித்துத்தான் ரத்தச் சர்க்கரை இறங்கும். குழந்தையோடு அந்தப் பட்டையையும் எடுத்துக்கொண்டு உடனே வாருங்கள். கடைசியாக எத்தனை மணிக்கு முழுப் பட்டையைப் பார்த்தீர்கள் என்பதைப் பாட்டியிடம் கேட்டுக்கொண்டு வந்தால் எங்கள் வேலை பாதி குறையும்.