கரைந்து போகும் புள்ளிகள்: ஓர் ஐஸ்லாந்து விளையாட்டின் சந்தைக் கணக்கு

ஒரு வாசகர் கேட்டிருந்தார்: “என் அண்ணன் மகன் காசு கொடுத்து யாரிடமோ ஃப்ரீ ஃபயர் ஐடி வாங்கியிருக்கிறான். ராத்திரி பகலாக விளையாடியது வேறு யாரோ, லெவல் இவனுக்கு. அப்படி என்ன பொருள்தான் கை மாறியது?”

பதில் சப்பென்றுதான் இருக்கும். கை மாறியது ஒரு கடவுச்சொல். கதாபாத்திரம் நிறுவனத்தின் சர்வரில் பழைய இடத்திலேயே, பழைய கணக்கின் கீழேயே இருக்கிறது. முதலில் பதிவு செய்த மின்னஞ்சலோ ஃபோன் எண்ணோ விற்றவரிடம் இருந்தால், ‘கடவுச்சொல் மறந்துவிட்டது’ என்று அழுத்தி அவரே திரும்ப எடுத்துக்கொள்ளலாம். பெரும்பாலான நிறுவனங்கள் இந்த விற்பனையைத் தடை செய்திருப்பதால் வாங்கியவர் புகாரும் கொடுக்க முடியாது.

இந்த வியாபாரம் புதிதல்ல. 1999இல் வந்த எவர்குவெஸ்ட் விளையாட்டின் கதாபாத்திரங்களை ஈபேயில் ஏலம் விட்டார்கள். அந்த விலைகளை வைத்துக்கொண்டு எட்வர்ட் காஸ்ட்ரோனோவா என்ற பொருளியலாளர் 2001இல் ஒரு கணக்குப் போட்டார். அந்தக் கற்பனை உலகில் ஒருவர் மணிக்கு 3.42 டாலர் சம்பாதிக்கிறார் என்றும், அதன் தனிநபர் உற்பத்தி ரஷ்யாவுக்கும் பல்கேரியாவுக்கும் நடுவில் நிற்கிறது என்றும் விடை வந்தது. 2007 ஜனவரியில் ஈபே இந்த ஏலங்களை நிறுத்திவிட்டது.

பெரும்பாலானோர் தடை போட்டுக்கொண்டிருந்தபோது ஒரு நிறுவனம் தானே சந்தையைத் திறந்து, அதற்கு விதியும் எழுதியது. ஐஸ்லாந்தின் தலைநகர் ரெய்க்யவீக்கில் இருக்கும் சி.சி.பி. அதன் விளையாட்டு ஈவ் ஆன்லைன், 2003இல் வந்தது. விண்கலம் ஓட்டி, சுரங்கம் தோண்டி, கூட்டணி அமைத்து, முதுகில் குத்தி விளையாடுவது.

ஈவில் எதிரியைக் கொன்றால் லெவல் ஏறாது. ஒரு திறனைத் தேர்ந்தெடுத்துவிட்டால் அதற்கான புள்ளி தானாகச் சேரும், நீங்கள் தூங்கினாலும். லட்சக்கணக்கான பேருக்கு சர்வர் நொடிக்கு நொடி எண்ணிக்கொண்டிருக்கத் தேவையும் இல்லை. தொடங்கிய நேரம், முடியும் நேரம், தொடக்கப் புள்ளி, இறுதிப் புள்ளி ஆகியவை பதிவில் இருந்தால் போதும். இந்த நிமிடம் எத்தனை புள்ளி என்று யாராவது கேட்டால் கழித்துப் பார்த்துச் சொல்லிவிடலாம்.

திறன் ஒவ்வொன்றிலும் ஐந்து படிகள். மிக எளிய திறனுக்குத் தேவைப்படும் மொத்தப் புள்ளி 250, பிறகு சுமார் 1,414, 8,000, 45,255, கடைசியில் 2,56,000. அடுத்தடுத்த படிக்கு ஏறத்தாழ 5.66 மடங்கு, அதாவது இரண்டு படி ஏறினால் 32 மடங்கு. நன்றாகச் சீரமைத்த விமானி (ஈவில் கதாபாத்திரம் என்றால் விமானிதான்) மணிக்கு 2,700 புள்ளி சேர்ப்பார். முதல் நான்கு படிகளை 17 மணி நேரத்தில் முடிப்பவருக்கு ஐந்தாவது படிக்கு மட்டும் மூன்று நாளுக்கு மேல் ஆகும். ஆனால் பல திறன்களில் ஐந்தாவது படி கூட்டித் தரும் பலனும் முதல் படி கூட்டித் தரும் பலனும் ஒரே அளவுதான். அதனால் நேற்று வந்தவர்கூட ஒரே துறையில் கவனம் வைத்தால் பத்து வருடப் பழம்பெருச்சாளியை நெருங்கிவிடலாம்.

ஆக, இங்கே முன்னேற்றம் என்பது கழிந்த காலம். காலத்தை விற்பது எப்படி?

முதல் வழி, ஆளை, அதாவது விமானியை, அப்படியே விற்பது. சி.சி.பி. இதற்காகவே ஒரு சந்தை வைத்திருக்கிறது. விலை விளையாட்டுக்குள் புழங்கும் பணத்தில் மட்டும். நிஜப் பணம் கூடாது. அந்த விமானியைப் பழிவாங்கும் உரிமை யாருக்காவது இருக்கிறதா, கையிருப்பு கடனில் இருக்கிறதா, இப்போது எந்த இடத்தில் நிற்கிறார் என்றெல்லாம் விற்பவர் வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். பெயரும் மாறாது, எந்தெந்தக் கூட்டணியில் இருந்தார் என்ற வரலாறும் அழியாது. இன்னொரு நுணுக்கமும் உண்டு. கூட்டணிகள் தங்கள் இணையதளத்துக்குள் உறுப்பினரை அனுமதிக்கும்போது சி.சி.பி.யின் சர்வர் இரண்டு விவரங்களைத் தரும்: ஆயுளுக்கும் மாறாத விமானியின் எண், அப்புறம் உரிமையாளரைக் குறிக்கும் ஒரு சங்கேதக் குறி. விமானி வேறு கணக்குக்குப் போனதும் இந்தக் குறி மாறிவிடும். உரிமையாளர் யார் என்று அது சொல்லாது. ஆள் மாறிவிட்டார் என்று மட்டும் காட்டிக்கொடுத்துவிடும். ஒற்றர்கள் மலிந்த விளையாட்டில் அது போதும்.

இரண்டாவது வழி 2016 பிப்ரவரியில் வந்தது. எனக்குப் பிடித்தது இதுதான். எக்ஸ்ட்ராக்டர் என்ற கருவியை வாங்கி உங்கள் விமானியிடமிருந்து ஐந்து லட்சம் புள்ளிகளை உறிஞ்சலாம். அது இன்ஜெக்டராக மாறும். அதைச் சந்தையில் விற்கலாம். வாங்கியவர் ஏற்றிக்கொண்டு, விரும்பிய திறனில் அந்தப் புள்ளிகளைப் போடலாம். உறிஞ்சிய பிறகு குறைந்தது 50 லட்சமாவது மிச்சம் இருக்க வேண்டும் என்பதால், புதுப்புது ஆட்களை உருவாக்கி உடனே பிழிந்தெடுக்க முடியாது.

ஏற்றும்போதுதான் வேடிக்கை. வாங்குபவரிடம் ஏற்கெனவே 50 லட்சத்துக்குக் குறைவாக இருந்தால் ஐந்து லட்சமும் முழுதாகச் சேரும். 50 லட்சம் முதல் 5 கோடி வரை நான்கு லட்சம்தான். 8 கோடி வரை மூன்று லட்சம். அதைத் தாண்டியவருக்கு வெறும் ஒன்றரை லட்சம், மீதி மூன்றரை லட்சம் காற்றோடு போச்சு. காய்ந்த மண்ணில் ஊற்றிய தண்ணீர் அப்படியே இறங்கும், நனைந்த மண்ணில் வழிந்தோடும் இல்லையா, அந்தக் கதைதான்.

இந்த இழப்பை நிறுவனத்தின் பேராசை என்று திட்டியவர்கள் உண்டு. எக்ஸ்ட்ராக்டர் விற்று சி.சி.பி. சம்பாதிக்கிறது என்பதும் உண்மை. ஆனால் இந்த விகிதங்கள் என்ன செய்கின்றன என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். புதியவர் ஒருவர் 10 கோடிப் புள்ளி விமானி வேண்டும் என்று ஆசைப்படுகிறார். முதல் 50 லட்சத்துக்கு 10 இன்ஜெக்டர். அங்கிருந்து 5 கோடி வரை 112½. 8 கோடி வரை 100. கடைசி 2 கோடிக்கு மட்டும் 133க்கு மேல். மொத்தம் ஏறத்தாழ 356. அதாவது வேறு யார் யாரோ 17 கோடியே 80 லட்சம் புள்ளி சேர்த்துக் கொடுத்தால்தான் இவருக்கு 10 கோடி!

இப்போது எதிர்ப்பக்கம் வாருங்கள். 10 கோடிப் புள்ளி விமானியை ஒருவர் பிழிந்தெடுத்து 50 லட்சத்துக்குக் கொண்டுவந்தால் கிடைப்பது 190 இன்ஜெக்டர், அதிலும் எக்ஸ்ட்ராக்டர் செலவு போக. அந்தத் தொகைக்கு மேல் கிடைத்தால் அவருக்கு ஆளை முழுதாக விற்பதே லாபம். வாங்குபவருக்கோ 356 இன்ஜெக்டரின் விலை வரை லாபம். புள்ளியைத் தனியாக விற்கலாம் என்று வந்த பிறகும் பழைய ஆள் சந்தை படுத்துவிடாமல் இருப்பது இந்த இடைவெளியால்தான். இழப்பே இல்லாமல் ஐந்து லட்சத்துக்கு ஐந்து லட்சம் ஏறியிருந்தால் இடைவெளி பெரும்பாலும் மூடிப்போயிருக்கும். பேர்கெட்ட விமானியை யார் சீந்துவார்கள்?

வகுப்பில் தேவை, வழங்கல் என்று இரண்டு கோடு கிழித்துக் காட்டுவார்களே, அதைவிட இது எவ்வளவு சுத்தமான சோதனை! விதியை மாற்றிய தேதி தெரியும், ஒவ்வொரு பரிமாற்றமும் பதிவில் இருக்கிறது. சி.சி.பி. இதைப் புரிந்துகொண்டு 2007லேயே ஏயோல்ஃபுர் குட்மண்ட்ஸன் என்ற பொருளியலாளரை வேலைக்கு வைத்தது. பின்னாளில் அவர் அக்குரெய்ரி பல்கலைக்கழகத்தின் தலைவரானார். நம் ஊரில் ஒரு ஆய்வு மாணவர் ‘விளையாட்டுச் சந்தை’ என்று தலைப்புப் போட்டு நிதி கேட்டால் எத்தனை பேர் சிரிக்காமல் படிப்பார்கள்? சிரிப்பவர்களின் பிள்ளைகள்தான் அந்தச் சந்தையில் காசைக் கொட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

விதி வந்ததுமே பண்ணையாளர்களும் முளைத்தார்கள். விமானிகளைப் பறக்கவே விடாமல் நிறுத்திவைத்து, மாதம் 19 லட்சத்துச் சொச்சம் புள்ளி வளர்த்து, மூன்று நான்கு இன்ஜெக்டராக அறுவடை செய்து, அதில் சந்தாவையும் கட்டி மீதத்தைப் பையில் போட்டுக்கொள்வது. பின்னாளில் நிறுவனமே பரிசுப் புள்ளிகளை வழங்கத் தொடங்கியது. விற்கப்படும் ஒவ்வொரு புள்ளியையும் யாரோ ஒருவர் காத்திருந்து சேர்த்திருக்க வேண்டும் என்ற ஆரம்பகால ஒழுங்கு அதில் தளர்ந்தது. காத்திருக்காமலே கிடைக்கும் புள்ளிகள் பெருகினால் இன்ஜெக்டர் விலைக்கும் பண்ணையாளர் லாபத்துக்கும் அடிதான். அது எனக்கு வருத்தமில்லை. 190க்கும் 356க்கும் நடுவே நடக்கும் பேரம் மட்டும் அப்படியே இருந்தால் சரி.