கேஸ்ட்ரிக்கில் கேஸ் இல்லை

மலேசியாவின் சுங்கை சிப்புட் டவுனில் ஒரு மருந்துக்கடை. எனக்கு முன்னால் நின்ற அக்கா மேல்வயிற்றை அழுத்திக்கொண்டு, "அண்ணே, கேஸ்ட்ரிக் வந்திருச்சி. காலையில பசியாறாம வேலைக்குப் போயிட்டேன்" என்றார். கடைக்காரர் மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் மென்று தின்னும் மாத்திரை அட்டை ஒன்றை எடுத்து வைத்தார்.

ஆங்கிலத்தில் 'கேஸ்ட்ரிக்' என்பது நோயின் பெயரே இல்லை. 'இரைப்பை சார்ந்த' என்பதுதான் பொருள். கிரேக்கத்தில் 'காஸ்டேர்' என்றால் வயிறு. டாக்டர்கள் கேஸ்ட்ரிக் அல்சர், கேஸ்ட்ரிக் ஜூஸ் என்பார்கள். நாம் பின்பாதியை உதிர்த்துவிட்டு அடைமொழியையே நோயாக்கிக்கொண்டோம். மலாய்க்காரர்களும் அப்படித்தான்.

தோட்டத்தில் என் பாட்டி சொன்ன சொல் 'அஜீரணம்'. ஜீரணம் என்றால் தேய்ந்து கரைவது. சிதைந்த கோயிலைப் புதுப்பிப்பதை ஜீர்ணோத்தாரணம் என்கிறோமே, அதே வேர்தான். அஜீரணம் கல்யாணப் பந்தியில் அதிகம் தின்றவனுக்கு வரும். கேஸ்ட்ரிக் அதற்கு நேரெதிர். விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் ஆள்கணக்கு எடுக்கும் இடத்துக்கு, ஓடிய வெறும் வயிற்றுக்காரனுக்கு வரும்.

சரி, அந்த 'கேஸ்'? வாய்வு, புளித்த ஏப்பம் எல்லாம் இந்தச் சொல்லுக்குள் புகுந்துகொண்டதற்கு அந்த ஒலியும் ஒரு காரணம் என்பது என் ஊகம். ஆனால் இரண்டுக்கும் உறவே இல்லை. 'கேஸ்' என்ற சொல்லை 17ஆம் நூற்றாண்டில் வான் ஹெல்மான்ட் என்பவர் 'கேயாஸ்' என்னும் கிரேக்கச் சொல்லிலிருந்து உருவாக்கினார். வேடிக்கை என்னவென்றால், செரிமானத்தில் அமிலத்துக்குப் பங்குண்டு என்று சொன்னவரும் அவர்தான். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம் என்று 1824இல் வில்லியம் பிரவுட் காட்டினார்.

சாப்பிடாவிட்டால் அமிலம் வயிற்றையே அரித்துவிடும் என்று எல்லா வீட்டிலும் மிரட்டுவார்கள். உண்மையில் அமிலம் மிகுதியாகச் சுரப்பது சாப்பிடும்போதுதான். சாம்பார் மணத்துக்கே சுரக்கத் தொடங்கிவிடும். வெறும் வயிற்றில் சுரப்பது கொஞ்சம், ஆனால் அதன் வீரியத்தைத் தணிக்க உள்ளே சோறு இல்லை. இரைப்பைச் சுவரில் வழவழப்பான சளிப்படலம் காவல் இருப்பதால் சாதாரணமாக ஒன்றும் ஆவதில்லை. அந்தக் காவலைக் கெடுப்பவை முக்கியமாக இரண்டு: சில வலி மாத்திரைகள், அப்புறம் ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற கிருமி. இந்தக் கிருமிதான் வயிற்றைக் கெடுக்கிறது என்று நிரூபிக்க 1984இல் பேரி மார்ஷல் என்ற டாக்டர் அதைத் தானே குடித்து வயிற்றைக் கெடுத்துக்கொண்டார். 2005இல் தன் சக ஆய்வாளர் ராபின் வாரனோடு நோபல் பரிசு பெற்றார். மலேசியாவில் மலாய்க்காரர்களைவிட இந்தியரிடமும் சீனரிடமும் இது அதிகம். மென்று தின்னும் மாத்திரை அமிலத்தைத் தணிக்கும், கிருமியைக் கொல்லாது.

அக்காவிடம் கேட்டேன்: "சாப்பிட்டா வலி கூடுதா, குறையுதாக்கா?"

"ஒரு மைலோ குடிச்சா அடங்கிடும் தம்பி."

பசியில் வலித்து, உண்டதும் அடங்கினால் புண் இரைப்பையைத் தாண்டி முன்சிறுகுடலில் இருக்க வாய்ப்புண்டு, கிளினிக்கில் காட்டுங்கள் என்றேன். அப்படி இருந்தால் அந்தப் புண்ணுக்கு கேஸ்ட்ரிக் என்ற பெயரே பொருந்தாது.