4 பவுண்டு மீனுக்கு 65 பவுண்டு நரம்பா?

அமெரிக்காவின் அலபாமாவிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "கண்டர்ஸ்வில் ஏரியில் பாஸ் மீன் பிடிக்கப் போகிறேன். ஏரியில் எங்கு பார்த்தாலும் பாசி. கடைக்காரர் 65 பவுண்டு தாங்கும் பின்னல் தூண்டில் நரம்பைக் கொடுத்து, இதைத் தவிர வேறெதுவும் வேண்டாம் என்கிறார். மாட்டுவதெல்லாம் 3, 4 பவுண்டு மீன். என் தலையில் கட்டப் பார்க்கிறாரோ?"

இல்லை. நீங்கள் பிடிக்கப் போகும் அகன்ற வாய் 'லார்ஜ்மவுத்' பாஸில் உலக சாதனையே 22 பவுண்டு சொச்சம்தான். 1932-இல் ஜார்ஜியாவில் ஒன்று, 2009-இல் ஜப்பானின் பிவா ஏரியில் ஒன்று. 65 என்பது மீனுக்குப் போட்ட கணக்கே அல்ல, பாசிக்குப் போட்டது.

அங்கே அடர்ந்து கிடக்கும் பாசிகளில் ஒன்று ஹைட்ரில்லா. பள்ளியில் பீக்கருக்குள் புனலைக் கவிழ்த்து ஆக்ஸிஜன் குமிழி பிடித்தோமே, அதே வேலம்பாசிதான். 1950-களின் தொடக்கத்தில் மீன்தொட்டி வியாபாரத்துக்காக இலங்கையிலிருந்து ஃபுளோரிடாவுக்குப் போய், அங்கிருந்து தென் மாநிலங்கள் நெடுகப் பரவிவிட்டது. நல்ல வெயிலில் நாளொன்றுக்கு 2.5 செ.மீ. வரை வளரும், நீர்மட்டத்தைத் தொட்டதும் கிளைவிட்டு மூடிக்கொள்ளும். அந்த நிழலில் பதுங்கும் பாஸ், தூண்டில் முள் குத்திய மறுகணம் தலையைக் கீழே திருப்பித் தண்டுகளுக்குள் புகப் பார்க்கும். புகுந்துவிட்டால் மீனோடு ஒரு கூடைப் பாசியையும் சேர்த்து இழுக்க வேண்டியதுதான். அந்த ஓரிரு நொடிக்குள் அதன் தலையை மேலே திருப்பியாக வேண்டும்.

ஒற்றை இழையாக வரும் நைலான் தங்கூசி இங்கேதான் காலை வாருகிறது. 15 மீட்டர் தூரத்தில் மீன் மாட்டியிருக்க, கம்பை ஓங்கி இழுக்கிறீர்கள். நைலான் பத்து சதவீதம் நீண்டாலே ஒன்றரை மீட்டர், அதாவது மூன்று முழத்துக்கு மேல். நீங்கள் கொடுத்த இழுப்பெல்லாம் நரம்பை நீட்டுவதிலேயே போய்விடும். போதாக்குறைக்கு நைலானின் அமைடு தொகுதிகள் நீரோடு ஹைட்ரஜன் பிணைப்பு போட்டுக்கொள்வதால், நனைந்த நைலான் இன்னும் இளகும். பின்னல் நரம்போ அதே இழுப்புக்கு ஒரு சாண்கூட நீளாது. 65 பவுண்டு தாங்கும் அதன் தடிமன் சுமார் 0.4 மி.மீ.; அந்தத் தடிமனில் நைலான் தாங்குவது 16 பவுண்டு அளவுதான். மெல்லிய, நீளாத நரம்பு, அதிலும் பின்னலால் சொரசொரப்பான மேற்பரப்பு. இழுக்கும்போது ஹைட்ரில்லாத் தண்டை அறுத்துக்கொண்டே வரும்.

இனி எனக்குப் பிடித்த இடம். இந்த அசுர நரம்பு எதனால் ஆனது தெரியுமா? பாலித்தீன். காய்கறிக் கடையில் தரும் பை எதுவோ, அதுதான். கார்பன், ஹைட்ரஜன் தவிர வேறொன்றும் கிடையாது. வித்தியாசமெல்லாம் மூலக்கூறின் நீளத்தில்தான். இதன் ஒரே மூலக்கூறில் 2 லட்சத்துக்கும் மேல் கார்பன் அணுக்கள் வரிசையாகக் கோத்திருக்கும். நேராக நீட்டிப் பிடித்தால் கிட்டத்தட்ட 0.03 மி.மீ. வரும். ஒற்றை மூலக்கூறு!

ஆனால் இவ்வளவு நீளமான சங்கிலி சும்மா இருக்குமா? ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும். உருக்கி இழுத்தாலும் சிக்கு விடாது. சிக்குப் பிடித்த நீளக் கூந்தலுக்கு என்ன செய்வோம்? எண்ணெய் தடவி, பிரித்து, பிறகு சீவுவோம். இங்கும் அதுதான். பாலித்தீனைச் சூடான கரைப்பானில் சில சதவீதம் மட்டும் கரைக்கிறார்கள். சங்கிலிகள் விலகி நிற்கின்றன. நுண்துளைகள் வழியே பிழிந்து குளிரவைத்தால், சிக்கு குறைந்த நிலையிலேயே கூழ் போன்ற இழையாக உறைகிறது. அதைச் சூடாக்கிப் பல பத்து மடங்கு நீளத்துக்கு இழுத்தால் சங்கிலிகள் எல்லாம் ஒரே திசையில் படிந்துவிடுகின்றன. பக்கத்துச் சங்கிலிகளுக்கு இடையே இருப்பது, நெருங்கி நிற்கும் மூலக்கூறுகள் ஒன்றையொன்று லேசாக இழுக்கும் வான்டர்வால்ஸ் விசை மட்டுமே, அற்பமானது. ஆனால் லட்சக்கணக்கான இடங்களில் அது ஒன்றுசேர்ந்து பிடிக்கும்போது, நரம்பு எடைக்கு எடை எஃகைப் பலமடங்கு மிஞ்சுகிறது. அடர்த்தி 0.97, நீரைவிடக் குறைவு என்பதால் மிதக்கவும் செய்யும். பாசிமேல் தவளை வடிவ ரப்பர் இரையை ஓட்டுகிறவருக்கு வேறென்ன வேண்டும்!

இதன் விதை 1963-இல் நெதர்லாந்தின் டிஎஸ்எம் என்ற வேதிப்பொருள் நிறுவனத்தில் ஆல்பர்ட் பென்னிங்ஸ் போட்டது. 1970-களின் இறுதியில் அங்கேயே பால் ஸ்மித்தும் பீட் லெம்ஸ்ட்ராவும் கூழிழை முறையைக் கண்டார்கள். டிஎஸ்எம் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது 1990 வாக்கில். நம்மூர் நிதிக்குழு எதுவும் இவ்வளவு காலம் பொறுத்திருக்குமா? மூன்றாம் ஆண்டே "சமூகத்துக்கு என்ன பயன்" என்று கேட்டுக் கோப்பை மூடியிருப்பார்கள்.

மற்றதெல்லாம் இந்த நரம்பைப் பின்தொடர்வதுதான். ஏழேகால், ஏழரை அடியில் விறைப்பான கம்பு, கைப்பிடியை ஒரு முறை சுற்றினால் உருளை ஏழு முறையாவது சுழலும் ரீல். பாசியைத் துளைத்து இரையை இறக்குவதென்றால் ஈயம் வேண்டாம், டங்ஸ்டன் குண்டு வாங்குங்கள். ஈயத்தின் அடர்த்தி 11.3, இதற்கு 19.3, அதே எடைக்குக் குண்டு சின்னது, சந்தில் நுழைந்துவிடும். விலைதான் கொஞ்சம் கடிக்கும். தவளை இரையில் இரட்டை முள், உடலோடு ஒட்டி மேல்நோக்கி மடங்கியிருக்கும். பாஸ் கவ்வி, உள்ளீடற்ற உடல் நசுங்கும்போதுதான் முனை வெளியே வரும். அதுவரை பாசியில் மாட்டாது.

ஒன்று சொல்லிவிடுகிறேன். படகில் வாழைப்பழம் இருந்தால் மீன் படாது என்று அமெரிக்கத் தூண்டில்காரர்கள் பலர் இன்றும் சத்தியமே செய்வார்கள். எல்லா நல்ல காரியத்துக்கும் வாழைப்பழத்தை முன்னால் வைக்கிற நமக்கு இது சிரிப்பாக இருக்கலாம். பூனை குறுக்கே போனதற்கு நின்று தண்ணீர் குடிக்கிறவர்கள் ரொம்பவும் சிரிக்க வேண்டாம். பழத்தைத் தாராளமாக எடுத்துப் போங்கள்.

பாலித்தீன் வழுக்கும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். நைலானுக்குப் போடும் சாதாரண முடிச்சு இதில் உருவிக்கொண்டு வரும். இரட்டையாக மடித்துப் போடும் பாலோமார் முடிச்சு நிற்கும். ரீலில் முதலில் சில மீட்டர் நைலானைச் சுற்றி, அதன் மேல் இதைச் சுற்றுங்கள். இல்லாவிட்டால் மீன் இழுக்கும்போது சுற்று மொத்தமும் உருளையிலேயே வழுக்கிச் சுழலும். முள் பாசியிலோ அடிமரத்திலோ சிக்கிக்கொண்டால் நரம்பைக் கையில் சுற்றி இழுக்கவே கூடாது. தண்டை அறுப்பது விரலையும் அறுக்கும். ஒரு மரக்கட்டையில் நாலு சுற்றுச் சுற்றி இழுங்கள்.